பனியில் நெடுவழி ஓட்டம்: பேரப்பிள்ளைகளின் பள்ளி அணியைப் பற்றிச் சில விளக்கங்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இவர் வழக்கம்போல் கல்வெட்டையோ சமணர் படுக்கையையோ பற்றி எழுதிக் கொடுப்பார் என்றுதான் எண்ணியிருப்பார்கள். இம்முறை பொருள் வேறு. வட அமெரிக்காவில் மின்னசோட்டா, வெர்மான்ட், மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா போன்ற பனி மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் 'நார்டிக் ஸ்கி டீம்' என்று ஓர் அணி உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேரன் ஒருநாள் தொலைபேசியில் "அந்த டீம்ல சேரப் போறேன்" என்பான். அவனைப் பெற்றவர்களுக்கும் அது புதுசு. ஆகையால் கேள்வி சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேரும்: "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு 2023 நவம்பரில் வந்தது. மின்னசோட்டாவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன். மகளுக்கு மூன்று கவலைகள்: குளிர், படிப்பு, சாப்பாடு. வெல்ல மண்டியில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் எனக்குப் பனியைப் பற்றித் தெரிந்தது ஐஸ் பெட்டி அளவுதான். தெரியாததற்குக் கருத்துச் சொல்லக் கூடாது என்று பதினைந்து நாள் தவணை வாங்கிக்கொண்டு, படித்தும் கேட்டும் அறிந்தேன். அதன் பிறகும் இரண்டு குளிர்காலம் அவன் மூலமாகப் பாடம் நடந்தது. அவற்றின் சாரம் இது.

முதலில் பெயர். தமிழில் இதைப் 'பனிச்சறுக்கு' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. சறுக்குதல் என்றால் மேலிருந்து கீழே வழுக்கி வருவது. சறுக்குமரமும் அப்படி, ஆனைக்கு அடி சறுக்குவதும் அப்படி. மலையுச்சிக்கு இழுவைக் கம்பியில் ஏறிச் சென்று, விர்ரென்று கீழே இறங்குவது ஆல்பைன் ஸ்கி. தொலைக்காட்சியில் நாம் பார்த்துப் பயப்படுவது பெரும்பாலும் அதைத்தான். நார்டிக் ஸ்கி வேறு சங்கதி. மேடு பள்ளம் சமதரை எல்லாவற்றையும் தன் கை கால் பலத்தாலேயே கடக்க வேண்டும். இறக்கமும் உண்டு என்றாலும் பாடுபடுவதெல்லாம் ஏற்றத்திலும் சமதரையிலும்தான். ஆகையால் 'பனியில் நெடுவழி ஓட்டம்' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

'ஸ்கி' என்ற சொல் பழைய நார்ஸ் மொழியில் பிளந்த கட்டையைக் குறித்தது. நம் ஊரில் விறகுப் பிளவு என்கிறோமே, அதேதான். சுவீடனில் கால்வ்ட்ராஸ்க் என்ற இடத்தில் கிடைத்த ஸ்கி ஏறக்குறைய 5200 ஆண்டுப் பழமை உடையது. எகிப்தின் பிரமிடுகளுக்கு மூத்தது. விளையாட்டாக ஆவதற்கு முன் அது வேட்டைக்காரனின் கால், தபால்காரனின் கால், படைவீரனின் கால். 1924-இல் பிரான்ஸ் நாட்டுச் சாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இதற்குப் போட்டி இருந்தது. பெண்களுக்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே தூரம் என்பது ஒலிம்பிக்கில் வந்தது 2026-இல்தான்.

நிற்க. வழுக்கும் பனியில் வழுக்கும் கட்டையைக் கட்டிக்கொண்டு எப்படி மேடு ஏறுவது? எனக்கு வந்த முதல் ஐயம் இது. விடை அழகானது.

ஸ்கியைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் வில் போல நடுவில் மேலெழும்பி இருக்கும். இரண்டு காலிலும் சமமாக நிற்கும்போது முனையும் வாலும் மட்டுமே பனியில் நன்றாகப் பதியும், நடுப்பகுதி அழுந்தாது. முழு எடையையும் ஒரே காலில் போட்டு உதைத்தால் வில் தட்டையாகி நடுப்பகுதி பனியைத் தொடும். அந்த நடுப்பகுதியில் ஒருவகை மெழுகு பூசியிருப்பார்கள். அது பனித்துகளைக் கவ்விக்கொள்ளும். உதைத்ததும் எடை மறு காலுக்குப் போகும், பிடி விட்டுவிடும், கட்டை வழுக்கிக்கொண்டு முன்னே போகும். பிடி, விடு, பிடி, விடு. இதுதான் கிளாசிக் முறை. காலணியின் முன்பக்கம் மட்டுமே ஸ்கியில் மாட்டப்பட்டிருக்கும், குதிகால் தூக்க வரும். அதனால்தான் நடை நடையாக இருக்கிறது.

இந்த மெழுகு விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே ஆழ்ந்துவிட்டேன். என் தொழில் அப்படி. கொப்பரையில் கரும்புச் சாறு காயும்போது பதம் பார்க்கிறவனுக்கு இரண்டு நிமிடம் முன்னே பின்னே போனால் சரக்கு வேறு. கம்பிப் பதம் வேறு, உருட்டுப் பதம் வேறு. அங்கேயும் அதே கதை. பனியின் குளிருக்குத் தக்கபடி மெழுகு மாறும்: கடுங்குளிருக்குப் பச்சை, அதற்குக் குறைந்த குளிருக்கு நீலம், உறைநிலையை ஒட்டி ஊதா, அதற்கும் மேலே சிவப்பு. பனி உருகி மறுபடி இறுகிக் கண்ணாடி போல் ஆகிவிட்டால், 'கிளிஸ்டர்' என்று பலாப்பால் போல ஒட்டும் பசை ஒன்று. தப்பான மெழுகு பூசினால், ஒன்று பின்னுக்கு வழுக்கும், இல்லையேல் பனிக்கட்டி அடியில் அப்பிக்கொண்டு நகரவே விடாது. வழுக்குவதற்கென்று முனையிலும் வாலிலும் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்கும் மெழுகு தனி. அதில் ஃபுளூரின் கலந்த வகைகள் உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு என்பதால், சர்வதேசப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து தடை.

மெழுகுக்குப் பதிலாக 'ஸ்கின்' என்று ஒரு பட்டையை அடியில் ஒட்டிய ஸ்கிகளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சௌகரியம். பெயரைக் கேட்டதும் என் வீட்டம்மாள், "தோலா? வேண்டவே வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள். நாங்கள் தமிழ்ச் சமணர். தோல் பொருள் என்றால் தயக்கம். விசாரித்ததில், பழங்காலத்தில் கடல்நாய்த் தோலைக் கட்டினார்களாம், பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது இருப்பது ஆட்டிலிருந்து கத்தரித்த உரோமமும் நைலானும்தான்.

இன்னொரு முறை, பனியில் கால்களை V போல் விரித்துப் பக்கவாட்டில் உதைத்துப் போவது. ஸ்கேட்டிங் போல. 1980-களில் அமெரிக்கரான பில் கோக் முதலானோரால் பரவியது. பழமைவாதிகள் எதிர்த்தார்கள், முடிவில் 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டையும் தனித்தனிப் போட்டியாகப் பிரித்துவிட்டார்கள். எங்கும் வடகலை தென்கலை உண்டு போலும்.

இனி அணியில் சேருவது. நம் ஊரில் 'ஸ்கூல் டீம்' என்றால் முதலில் வருவது தேர்வு. மண்டல், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியிலும் வடிகட்டுவார்கள். மற்றவன் மரத்தடியில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். அங்கே நார்டிக் அணி பல பள்ளிகளில் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் அணி. பெயர் கொடுத்து, மருத்துவர் சான்றும் கட்டணமும் கட்டி, தினமும் பயிற்சிக்கு வர வேண்டும், அவ்வளவே. ஸ்கியைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் சேரலாம். போட்டியில் நல்ல இடம் பெற்ற சிலருடைய புள்ளிகளைக் கூட்டித்தான் பள்ளியின் வெற்றி தோல்வி. எத்தனை பேர் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேகம் குறைந்தவர்களுக்கும் இளையோர் பந்தயம் என்று தனியாக வைப்பார்கள். ஆக, கடைசியில் வருகிறவனும் நெஞ்சில் எண் கட்டிக்கொண்டு ஓடுகிறான். எங்கள் பேரன் முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தியவன். "எனக்குப் பின்னாடியும் ஒருத்தன் இருந்தான் தாத்தா" என்று அவன் சொன்ன குரலில் அழுகை இல்லை, அதைக் கவனித்தேன்.

அவன் சேர்ந்த ஆண்டு, 2023-24, மின்னசோட்டாவில் பனியே சரியாக விழவில்லை. இயந்திரத்தால் பனி செய்து போட்ட சிறு வட்டங்களில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் செக்கு மாடு போல் சுற்றினார்கள். பக்கத்து விஸ்கான்சினில் 1973 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற பிர்க்கெபைனர் நெடும் பந்தயத்தையே அந்த ஆண்டு 10 கிலோமீட்டர் செயற்கைப் பனி வட்டத்தில் நடத்தும்படி ஆயிற்று. அதே 2024 பிப்ரவரியில் மினியாபொலிஸ் நகரத்துத் தியோடர் வெர்த் பூங்காவில் உலகக் கோப்பைப் பந்தயம். 2001-க்குப் பின் அமெரிக்காவில் நடந்த முதல் உலகக் கோப்பை அது. அதுவும் செய்த பனியை நம்பித்தான் ஏற்பாடானது. அந்த மாநிலத்து ஆஃப்டன் என்ற சிற்றூர்ப் பெண் ஜெஸ்ஸி டிகின்ஸ், 2018 ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து தங்கம் வென்றவர், சொந்த மண்ணில் ஓடியதைப் பேரன் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தான். அவரும் பள்ளி அணியில் ஓடி வளர்ந்தவர்தான்.

குளிரைப் பற்றி நம்மவர்களுக்குள்ள பயம் பாதி நியாயம். சர்வதேச விதிப்படி, பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனால் பந்தயம் கிடையாது. பள்ளிகளும் தமக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் ஓடுகிறவனுக்கு ஆபத்து குளிர் அல்ல, வியர்வை. கம்பளி மேல் கம்பளியாகச் சுற்றி அனுப்பினால் பிள்ளை வியர்த்து, நின்றதும் அந்த ஈரம் உடம்பை உறையச் செய்யும். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டிப் பருத்தி உடுத்தவே கூடாது என்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருத்தியே உத்தமம் என்று வளர்ந்த நமக்கு இது புதுப் பாடம். ஆஸ்துமா உள்ள பிள்ளையானால் மருத்துவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். குளிர்ந்த வறண்ட காற்றை அள்ளி அள்ளி இழுப்பதால் தேர்ந்த வீரர்களிடமே அந்தத் தொல்லை அதிகம். கையும் காலும் ஒருசேர உழைப்பதால் மூச்சுக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் விளையாட்டுகள் மிகச் சிலவே.

படிப்பைப் பற்றி ஒரு வரி போதும். அவன் மதிப்பெண் குறையவில்லை, கூடவும் இல்லை. தூக்கம் கூடியது.

பனி இல்லாத மாதங்களில் என்ன செய்வார்கள்? கோடையில் உழைத்தவன்தான் குளிரில் ஓடுவான். சக்கரம் வைத்த ஸ்கியில் தார்ச்சாலையில் ஓடுவார்கள். கோலை ஊன்றிக்கொண்டு மேட்டில் தாவித் தாவி ஏறுவார்கள். 2024 ஜூனில் விடுமுறைக்குச் சித்தூர் வந்தவன் இதைக் கைவிடவில்லை. மண்டியிலிருந்து இரண்டு மூங்கில் கழிகளை உயரம் பார்த்து அறுத்துக்கொண்டு, விடியற்காலையில் ஊருக்கு வெளியே உள்ள குன்றின் சரிவில் ஏறி இறங்கினான். பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏமி பாபு, கொர்ரெலு தப்பிப் போயாயா?" என்று கேட்டார். ஆடு தொலைந்து போச்சா என்று!

அவனுக்கு ஏற்றம் காட்ட வேண்டுமென்று ஒருநாள் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அலிபிரி வழியில் 3550 படி; சந்திரகிரிப் பக்கம் சீனிவாசமங்காபுரத்துக்கு அருகிலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2388 படி. தூரம் குறைவு, செங்குத்து அதிகம். அந்த வழியில் போனோம். மூங்கில் கழியைக் காரிலேயே வைத்துவிடச் சொன்னேன். கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு ஏறுகிறவர்கள் நடுவே தாவிப் பயிற்சி செய்வது மரியாதை ஆகாது. எந்த மதத்தவர் வழியானாலும் நடக்கிறவன் அதற்கேற்ப நடக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்ற துயரத்துக்குப் பின், செப்டம்பரில் தேவஸ்தானமே நடந்து ஏறுகிறவர்களுக்குக் கைத்தடி கொடுத்ததைச் சொன்னேன். "அப்ப எல்லார் கையிலயும் போல் இருந்துச்சா தாத்தா?" என்று வியந்தான். (எங்களுக்கும் ஒரு திருமலை உண்டு, போளூர் அருகே, பாறையில் செதுக்கிய 16 அடி நேமிநாதர் நிற்கிற மலை. அடுத்த வருகைக்கு அதை வைத்திருக்கிறேன்.)

இந்தியாவில் இது இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. குல்மார்க்கில் 1948-இல் ராணுவத்துக்கென ஒரு ஸ்கி பள்ளி தொடங்கியது. அப்போது அந்தப் படைப்பிரிவின் தலைவர் குடகைச் சேர்ந்த திம்மய்யா. அதுவே இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி. தாஷி லுண்டுப் 2010 வான்கூவரிலும், நதீம் இக்பால் 2014 சோச்சியிலும், ஜகதீஷ் சிங் 2018 பியோங்சாங்கிலும் நெடுவழி ஓட்டத்தில் நம் நாட்டுக்காக ஓடினார்கள். பதக்க வரிசைக்கு அருகில் வரவில்லை, ஓடி முடித்தார்கள். தென்னாட்டிலிருந்தும் ஒருவர் எழுந்திருக்கிறார்: குடகுப் பெண் பவானி தெக்கடா நஞ்சுண்டா, 2025-இல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். பனியே விழாத காப்பித் தோட்ட நாட்டிலிருந்து முன்பு ஒரு திம்மய்யா, இப்போது ஒரு பவானி. இதையும் பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகச் சாப்பாடு. இதை நான் தள்ளி வைத்ததற்குக் காரணம், உண்மையில் எங்கள் வீட்டைக் கலக்கியது இதுதான்.

சமண இல்லங்களில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. விளக்கொளிக்கு வந்து விழும் சிற்றுயிர்க்கு ஊறு வரக் கூடாது என்பது அடிப்படை. சித்தூரில் இது பெரிய பாடில்லை. ஆண்டிலேயே குறுகிய பகல் இங்கே ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். டிசம்பரிலும் ஐந்தே முக்கால் வரை வெயில் உண்டு. மினியாபொலிஸ் 45 பாகை வடக்கே. டிசம்பரில் பகல் 9 மணி நேரம்கூட இல்லை. மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு மூன்று மணிக்குப் பயிற்சி தொடங்கினால், விளக்கு வெளிச்சத்தில் ஐந்தரை வரை. அதாவது பகல் உணவு உண்டவன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிவரை பட்டினி. 2024 டிசம்பரில் ஒருநாள் பயிற்சி முடிந்து பேருந்தில் ஏறும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் மகளை அழைத்து, திட்டவில்லை, கேட்டார்: "உங்கள் முறை என்ன என்று சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி பார்க்கலாம்."

அன்றிரவு மகள் என்னைக் கேட்டது இதுதான்: டீமை விடச் சொல்வதா, நியமத்தை விடச் சொல்வதா?

நான் அருங்கலச்செப்பையும், அதற்கு மூலமான சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லறத்தான் ஏறிப் போகும் படிகளைச் சமந்தபத்திரர் பதினொன்றாக வகுக்கிறார். உண்பன, பருகுவன, தின்பன, நக்குவன ஆகிய நான்கையும் இரவில் அறவே நீக்குதல் அவற்றில் ஆறாம் படி. முதற்படியிலேயே வேண்டும் என்பாரும் உளர், அதை மறைக்கவில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஆறாம் படியில் நிற்பவன் அல்லன். தானிய உணவை மட்டும் விட்டு, நீரும் பாலும் கொள்ளும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் தலைமுறையாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் விட வேண்டாம் என்று எழுதினேன். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் உடைமாற்றும் அறையிலேயே ஒரு டப்பா நிறைய இட்லியோ சப்பாத்தியோ. பயிற்சி முடிந்ததும் வெல்லம் கரைத்த பால். நெடுநேரம் ஓடிய தசைகளில் குறைந்த சர்க்கரை, முடித்த சிறிது நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக ஏறும் என்பது உடற்கூறு நூலாரும் சொல்வது. வெல்லம் என்று எழுதியதில் வியாபாரியின் பாரபட்சம் இருப்பதாக வீட்டம்மாள் சொன்னாள். ஆனால் பாலோடு நிறுத்த வேண்டும், பழம்கூடக் கூடாது என்பது அவள் தீர்ப்பு. நான் பழத்துக்கும் இடம் தந்திருப்பேன். அவள் சொன்னதே நின்றது.

மீதி இருந்தது விருந்து. பந்தயத்துக்கு முதல் நாள் மாலை, அணிப் பிள்ளைகள் எல்லாரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பாஸ்டா உண்பது அங்கே வழக்கம். ஆறு மணிக்குத் தொடங்கும். முதல் பருவம் முழுக்க இவன் போகவே இல்லை. இரண்டாம் பருவத்தில் போய், பால் தம்ளருடன் உட்கார்ந்திருந்தான். ஓடும்போது அவன் அணியில் இருந்தான், உண்ணும்போது இல்லை. இந்த ஒன்றுதான் மகளை உறுத்தியது. பந்தயத்துக்கு முதல் நாள் பயிற்சி சுருக்கமாக முடிந்துவிடும் என்று தெரிந்ததும், ஒருமுறை தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, மூன்றே முக்காலுக்கே எல்லாரையும் கூப்பிட்டாள். வெங்காயம் பூண்டு இல்லாத தக்காளிச் சாறில் பாஸ்டா, பக்கத்தில் எலுமிச்சைச் சாதம். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். நாலேகாலுக்குள் இரண்டு குண்டான் காலி.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மின்னசோட்டாவின் சூரிய அஸ்தமன நேரம் மனப்பாடம். பிப்ரவரி நடுவில் அங்கே ஐந்தரை மணிவரை பொழுது நீண்டுவிடும். ஆனால் அதற்குள் பள்ளிப் பருவமும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.